தாக்லாவில் தங்கியவர்கள்

நண்பர்களே, வணக்கம். எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அவை வேண்டாம். நைல் ஆற்றுக்கு மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி, தாக்லா என்றொரு பாலைவனச் சோலை இருக்கிறது. மழை கிட்டத்தட்ட கிடையாது. நிலத்தடி நீர்தான் எல்லாம். 1978 முதல் ஆய்வாளர்கள் அந்தச் சோலை முழுவதையும் அலசி வருகிறார்கள். காலடியில் அதிகம் தட்டுப்படுவது பானை ஓடு.

ஓடுகளை வைத்துக் காலம் கணிக்கலாம், சரி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அது எந்த ஊர் மண் என்பது. வழிப்போக்கர் பானை கொண்டுவருவார், சூளை போட மாட்டார். பலாட் ஊருக்கு அருகே ஐன் அசீல் என்ற இடத்தில், கி.மு. 2300 வாக்கில் எகிப்து மன்னரின் ஆளுநர்களுடைய அரண்மனை இருந்தது. அங்கே குயவர் பட்டறைகளே கிடைத்திருக்கின்றன. பானையின் வடிவம் நைல் கரையைச் சேர்ந்தது, மண்ணோ தாக்லாவுடையது. வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

அவர்கள் வந்தபோது சோலை காலியாகவும் இல்லை. ஷேக் முஃப்தா என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட மக்கள், மந்தை மேய்த்துக்கொண்டு அங்கே இருந்தார்கள். அவர்கள் கையால் வனைந்த சட்டிகளின் ஓடுகள் எகிப்தியக் குடியிருப்பிலும் அகப்படுகின்றன. இரு சாராரும் ஒரே காலத்தில், அக்கம்பக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள்.

ஐன் அசீல்காரர்கள் பாப்பிரசு என்ற நாணல் தாளுக்குப் பதிலாகக் களிமண் பலகையில் கீறிக் கடிதம் எழுதினார்கள். எகிப்தில் இது அபூர்வம். ஒரு கடிதத்தில் புகார்: தலைவர் ஒருவருக்கு வழி ஏற்பாடு செய்ய வேண்டிய குயவர், ருஜெத் என்ற இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லையாம்! பயண ஏற்பாட்டுக்குக் குயவர் எதற்கு? தாக்லாவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டரில், வெறும் பாலையில், அபு பல்லாஸ் என்ற குன்று. 1918-இல் ஜான் பால் என்ற ஆங்கிலேய நில ஆய்வாளர் அதைக் கண்டபோது அடிவாரத்தில் பெரிய பெரிய ஜாடிகள் கிடந்தன. பிற்பாடு அதே திசையில் வரிசையாக இன்னும் பல ஜாடிக் கிடங்குகள் தெரியவந்தன. கழுதைகளோடு போகிறவர்களுக்கு அவைதான் தண்ணீர்ப் பந்தல். பாதை என்பதே ஜாடிதான். அந்தப் புகாரும் புரிந்துவிடுகிறது. இப்படியொரு பாதையை நடத்த, பின்னால் நிலையான ஊரும் சூளையும் இருந்தாக வேண்டும்.

அப்புறம் காலம் ஓடுகிறது. எகிப்து வரலாற்றில் ‘புதிய அரசு’ எனப்படும் காலத்தில் (கி.மு. 1550 முதல் 1070 வரை வாக்கில்) தாக்லாவின் திராட்சை மது, ஜாடிகளில் நைல் கரைக்குப் போகிறது. ரோமானியர் காலத்தில் ஊர்கள் பெருகுகின்றன. கெல்லிஸ் என்ற ஊர் 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்படுகிறது, மணல் மூடுகிறது. சோலை மட்டும் காலியாகவில்லை. பீப்பாய் போன்ற ஒருவகைத் தண்ணீர்க் குடுவை, கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அங்கே பரவலானது. அதே சாயலில் அல்-கஸ்ர் ஊர்க் குயவர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் வனைந்தார்கள். அதற்காக ஒரே குடும்பம் பரம்பரையாக வனைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இடையில் பழைய எகிப்திய எழுத்து போய்க் கிரேக்கம், காப்டிக் (எகிப்திய மொழியின் பிந்தைய வடிவம்), அரபி என்று பேச்சும் எழுத்தும் மாறின, தெய்வங்களும் மாறின. தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தேவை மட்டும் மாறவில்லை. அதனால்தான் குடுவையும் மாறவில்லை என்பது என் கணிப்பு.