பர்னஸுக்கு ஹியூமிடிபயர் வாங்குமுன் யன்னலைப் பாருங்கள்

[காட்சி: படுக்கையறை யன்னலின் கீழ் மூலை, மிக அருகில்]

வணக்கம். இந்த மூலையைப் பாருங்கள். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. அதற்குக் கீழே மரத்தில் ஒரு கறுப்புக் கோடு. பூஞ்சணம். இது எங்கள் வீடுதான். போன தை மாதம் மகனுக்கு இரவில் மூக்கால் இரத்தம் வந்தது. பயந்துபோய், காய்ந்த வீட்டுக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிபயரை 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்தேன். அவனுக்குச் சுகமாகிவிட்டது, ஆனால் அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீராகி யன்னல் சட்டம் ஊறிப்போனது.

ரொறன்ரோக் குளிரில் வீடு ஏன் இப்படிக் காய்கிறது? வீட்டைச் சூடாக்கும் பர்னஸ் ஈரத்தை எரித்துவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். அப்படியில்லை. குளிர்ந்த காற்றில் ஈரம் அதிகம் தங்காது. மைனஸ் 15 டிகிரிக் காற்று கதவிடுக்கால் உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே முதலில் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் ஒரு கிழமை வைத்துப் பாருங்கள். காற்றுப் புகாத புது வீடு, நாலைந்து பேர் குளிப்பது, சோறும் இட்டலியும் அவிவது என்றிருந்தால் 35 சதவீதம் தானாகவே நிற்கலாம். அப்படியானால் காசைச் செலவழிக்க வேண்டாம்.

[காட்சி: பேஸ்மென்ட், பர்னஸ்]

சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால், காஸ் பர்னஸ் உள்ள நடுத்தர வீட்டுக்கு நான் சொல்வது பைபாஸ் வகை. அதற்குத் தனி விசிறி இல்லை. பர்னஸ் விசிறி தள்ளும் சூடான காற்றில் கொஞ்சம், பைபாஸ் என்ற பக்கக் குழாயால் பிரிந்து, நனைந்த பாட் (தண்ணீர் வழிந்தோடும் வலைத் தட்டு) ஒன்றினூடாகப் போய் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். பழுதாக அதிகம் ஒன்றும் இல்லை. பைபாஸ் குழாய்க்கு இடம் இல்லாவிட்டால் விசிறி வைத்த வகை. பெட்டியில் போட்டிருக்கும் '17 கலன்' என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது சூடான காற்று நாள் முழுக்க ஓடினால் வரும் அளவு. உங்கள் பர்னஸோ விட்டு விட்டுத்தான் ஓடும்.

வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் போட்டிருப்பவர்களும் போட யோசிப்பவர்களும் இங்கே கவனியுங்கள். அதிலிருந்து வரும் காற்றுக்கு காஸ் பர்னஸ் அளவு சூடு கிடையாது, நனைந்த பாட் மேலுள்ள தண்ணீர் குறைவாகவே ஆவியாகும். அவர்களுக்கு நீராவி வகைதான் பொருந்தும். அது தண்ணீரைத் தானே கொதிக்க வைப்பதால் லீட்டருக்குச் சுமார் 0.7 கிலோவாட் மணி மின்சாரம் தேவை. ஒரு நாளில் 30 லீட்டர் என்றால் 21. பில்லில் நன்றாகத் தெரியும்.

தேங்கிய தண்ணீரில் உருளை சுற்றும் பழைய வகை வீட்டில் இருந்தால் கழற்றிவிடுங்கள். அந்தத் தண்ணீர் பட்ட காற்றைத்தான் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள்.

[காட்சி: பழைய பாட், கையில்]

இது ஒரு குளிர்காலம் ஓடிய பாட். விரல் பட்டதும் வெள்ளையாக உதிர்கிறது, தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு. பாட் மேல் ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு வடிகாலுக்குப் போவது வீண் என்று நினைக்காதீர்கள். அது இந்தச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போகிறது. வருடம் ஒரு பாட் மாற்றுங்கள். வாட்டர்லூ, குவெல்ஃப் பக்கம் தண்ணீர் மிகக் கடினம், அதாவது சுண்ணாம்பு அதிகம், நடுவிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மிச்சம் பிடிக்கும் காசை வெளிவெப்ப உணரி உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் போடுங்கள். வெளியே மைனஸ் 7 என்றால் உள்ளே 35 சதவீதம் வரை யன்னல் நனையாமல் தாங்கும். மைனஸ் 18 ஆனால் 25, மைனஸ் 23 ஆனால் 20. குளிர் கூடக் கூட அது தானாகக் குறைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அது இருக்கவில்லை.

பூட்ட வருபவரிடம், செப்புக் குழாயைத் துளைத்து இறுக்கும் சாடில் வால்வு வேண்டாம், ஒழுங்கான மூடுவால்வு போடச் சொல்லுங்கள். மே மாதம் ஏசி போடுமுன் தண்ணீரை மூடி, பைபாஸ் குழாயின் தகட்டைக் கோடைப் பக்கம் திருப்புங்கள். மறந்தால் குளிர்ந்த காற்றில் ஒரு பங்கு அறைகளுக்குப் போகாமல் பேஸ்மென்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.