செருகிய எழுத்து, அடித்த எழுத்து

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆறு மனைவிகள். விரல் விட்டு எண்ணி, யாரைத் தள்ளி வைத்தார், யார் தலையை வெட்டினார் என்று ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் இன்றைக்கு இரண்டு காகிதங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டிலும், எழுதி முடித்த பிறகு ஒரு கை திரும்ப வந்து எதையோ திருத்தியிருக்கிறது. ஆண் வாரிசுக்காக அந்த அரண்மனை பட்ட பாடு முழுவதும் அந்தத் திருத்தங்களில் இருக்கிறது.

முதல் காகிதம் 1533 செப்டம்பரில் எழுதியது. ஹென்றியின் இரண்டாவது மனைவி ராணி ஆன் பொலின் பெயரில் பிரபுக்களுக்கு அனுப்ப வேண்டிய பிறப்புச் செய்தி. பிள்ளை பிறப்பதற்கு முன்பே எழுத்தர்கள் அதை எழுதி வைத்துவிட்டார்கள். இளவரசர் பிறந்திருக்கிறார், இறைவனுக்கு நன்றி என்று வாசகம். செப்டம்பர் 7ஆம் தேதி பிறந்ததோ பெண். புதிதாக எழுதப் பொறுமை இல்லை போலும், 'பிரின்ஸ்' என்ற சொல்லின் வாலில் ஒரே ஒரு 'எஸ்' எழுத்தைச் செருகிவிட்டார்கள். அன்றைய எழுத்து வழக்கில் அது போதும், 'பிரின்சஸ்' ஆகிவிடும். இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கும் எழுத்து அது. பிறந்த மகளுக்கு அந்த வீடு கொடுத்த இடமும் அவ்வளவுதான். ஆண் பிள்ளை பிறந்தால் நடத்தத் திட்டமிட்டிருந்த குதிரைவீரர் போட்டிகளையும் ரத்து செய்தார்கள்.

ஏன் இவ்வளவு பதற்றம்? ஹென்றியின் அப்பா ஏழாம் ஹென்றி பரம்பரை பரம்பரையாக ஆண்டு வந்தவர் அல்ல. 1485இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் ஜெயித்து முடி சூடியவர். அதற்கு முன் 30 வருஷம் ஒரே ராஜ குடும்பத்தின் இரண்டு கிளைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. டியூடர் குடும்பத்துக்கு அரியணை உறுதியானது என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை. பெண்ணை அரியணையில் உட்கார வைக்கலாமே என்றால், அதற்கும் ஒரு பழைய கதையை எடுத்து வைத்திருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் ஹென்றியின் மகன் கப்பல் விபத்தில் இறந்துபோக, மகள் மெட்டில்டாவுக்குப் பட்டம் என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார் மன்னர். அவர் கண் மூடியதும் சத்தியம் காற்றில் போனது. மெட்டில்டாவின் அத்தை மகன் ஸ்டீபன் முடியைப் பறித்துக்கொண்டார். உள்நாட்டுப் போர் பல வருஷம் நீண்டது. என் பார்வையில், சத்தியத்தை மீறியவர்கள் ஆண்கள். பெண் ஆண்டால் நாடு சீரழியும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் ஆண்கள்.

சரி, முதல் மனைவிக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஸ்பெயின் நாட்டு ராஜகுமாரி கேத்தரின். 1501இல் ஹென்றியின் அண்ணன் ஆர்தரைக் கட்டிக்கொண்டார். ஐந்தே மாதத்தில் ஆர்தர் இறந்துவிட்டார். பதினாறு வயது விதவை. அண்ணன் மனைவியைத் தம்பி மணக்க போப்பாண்டவரிடம் சிறப்பு அனுமதி வாங்கி, 1509 ஜூனில் ஹென்றிக்கும் கேத்தரினுக்கும் கல்யாணம் நடந்தது. அவருக்கு 18 வயது நிறையவில்லை, கேத்தரினுக்கு 23.

முதல் குழந்தை 1510இல் உயிரில்லாமல் பிறந்தது, பெண். அடுத்தது 1511 ஜனவரி 1, புத்தாண்டு அன்று, ஆண் குழந்தை! அப்பா பெயரையே வைத்தார்கள். பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டு நாள் வீர விளையாட்டு. அந்த விழாவை வரைந்த தோல் சுருள் ஒன்று இன்னும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. விரித்தால் ஏறக்குறைய 60 அடி நீளம். அதில் ஹென்றி ஈட்டியோடு பாய்கிறார். அவருடைய குதிரை போர்த்தியிருக்கும் துணியில் கேத்தரினின் முதலெழுத்து. அன்று அவர் வைத்துக்கொண்ட பெயர் 'விசுவாசமுள்ள இதயம்'. கேத்தரின் மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்ணங்கள் பளபளக்கின்றன. அந்த விளையாட்டு முடிந்து பத்து நாளுக்குள் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. 52 நாள் வாழ்ந்த பிள்ளை.

அதற்குப் பிறகும் ஆண் குழந்தை பிறந்தது, தங்கவில்லை. 1516இல் மேரி பிறந்தார். அவர் மட்டும் பிழைத்தார். 1518இல் இன்னொரு பெண், அதுவும் நிலைக்கவில்லை. அன்றைய ராணிகளின் பேறுகாலம் எப்படி இருந்தது தெரியுமா? பிள்ளை பிறக்கப் பல வாரம் முன்பே ஓர் அறைக்குள் போய்விட வேண்டும். சுவர், கூரை எல்லாம் திரைச்சீலையால் மூடிவிடுவார்கள். ஒரே ஒரு சன்னல் வெளிச்சத்துக்காக விட்டிருக்கும். ஆண்கள் உள்ளே வரக்கூடாது. அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து, வெளியே ஒரு நாடே ஆண் பிள்ளை, ஆண் பிள்ளை என்று காத்திருப்பதைக் கேத்தரின் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். இதை எழுதி வைக்க அங்கே வரலாற்று ஆசிரியர் யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1513இல் ஹென்றி பிரான்சில் போர் செய்யப் போனார். நாட்டை யாரிடம் ஒப்படைத்தார்? மனைவியிடம். அந்த நேரம் பார்த்து ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ் படையெடுத்து வந்தார். கேத்தரின் படைகளைத் திரட்டினார். ஃபிளாடன் களத்தில் ஜேம்ஸ் கொல்லப்பட்டார். அவருடைய மேலங்கியின் ஒரு பகுதியைக் கேத்தரின் பிரான்சில் இருந்த கணவருக்கு அனுப்பி வைத்தார். பெண்ணால் ஆள முடியுமா என்ற கேள்விக்கு ஹென்றியின் கைக்கே பதில் வந்து சேர்ந்தது. அவர் அதைப் பதிலாகப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணன் மனைவியை எடுத்தவன் பிள்ளையில்லாமல் போவான் என்று பைபிளின் லேவியராகமத்தில் ஒரு வசனம். ஹென்றி அதைப் பிடித்துக்கொண்டார். இறந்த சகோதரனின் மனைவியை மணந்து அவன் பெயர் நிலைக்கச் செய் என்று உபாகமத்தில் இருப்பது வசதியாக மறந்துபோனது. மேரி என்ற பிள்ளை கண்ணெதிரே ஓடியாடிக்கொண்டிருந்ததும் கணக்கில் வரவில்லை. திருமணம் செல்லாது என்று அறிவிக்கப் போப்பாண்டவர் தயங்கினார். 1527இல் ரோம் நகரையே சூறையாடிய படை, கேத்தரினுடைய அக்கா மகன் பேரரசர் ஐந்தாம் சார்லசின் படை. அவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

1529இல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் விசாரணை. கேத்தரின் எழுந்து, நீதிபதிகளாக இருந்த கர்தினால்கள் பக்கம் பேசாமல், கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு நேராக ஹென்றியிடம் போய் மண்டியிட்டார். இருபது வருஷமாக உங்களுக்கு உண்மையான மனைவியாக இருந்தேன், என் வயிற்றில் உங்களுக்குப் பல குழந்தைகள் பிறந்தார்கள், இறைவன் அவர்களை அழைத்துக்கொண்டார், அதில் என் குற்றம் எதுவும் இல்லை என்று பேசினார். பேசி முடித்ததும் எழுந்து வாசல் பக்கம் நடந்தார். திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

'என் குற்றம் இல்லை.' இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும். பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவில் வரும் குரோமோசோம் தீர்மானிக்கிறது. இதற்கான சான்றை 1905இல் வண்டின் புழுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து வெளியிட்டவர்களில் முக்கியமானவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. கேத்தரின் பேசி 376 வருஷம் கழித்து.

1531க்குப் பிறகு கேத்தரினும் மேரியும் ஒருவரையொருவர் பார்க்கவே விடவில்லை. ரோமிலிருந்து இங்கிலாந்தின் திருச்சபை பிரிந்தது. 1534இல் சட்டம் இயற்றி ஹென்றி அதன் தலைவரானார். அதை ஏற்காத முன்னாள் அமைச்சர் தாமஸ் மோர் மறு வருஷம் தலையை இழந்தார். இவ்வளவும் செய்து கட்டிய ஆன் பொலினுக்கும் பெண் குழந்தை. அப்புறம் 1536 ஜனவரி 29, கேத்தரினைப் பீட்டர்பரோவில் அடக்கம் செய்த அதே நாளில், ஆனுக்குக் கரு கலைந்தது. ஆண் கரு என்றார்கள். நாலு மாதம் ஆகவில்லை, மே 19ஆம் தேதி லண்டன் கோபுரக் கோட்டைக்குள் ஆனின் தலை விழுந்தது. கள்ளத்தொடர்பு, தேசத் துரோகம் என்று சுமத்திய குற்றங்களை நான் நம்பவில்லை. வெட்டப் பிரெஞ்சுக் கரையிலிருந்து வாள்காரரை வரவழைத்தவர்கள் ஒரு சவப்பெட்டி செய்து வைக்கவில்லை. அம்பு வைக்கும் பெட்டி ஒன்றில் கிடத்தினார்கள். பதினோராம் நாள் ஜேன் சீமோருடன் ஹென்றிக்குத் திருமணம்.

1537 அக்டோபர் 12, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், இரண்டு நாளுக்கு மேல் வலியில் துடித்து ஜேன் ஆண் பிள்ளை பெற்றார். எட்வர்ட். பீரங்கிகள் முழங்கின. பன்னிரண்டாம் நாள் ஜேன் இறந்துவிட்டார். தன்னைக் கடைசியில் அவர் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று ஹென்றி சொல்லிவிட்டார், அப்படியே விண்ட்சரில் புதைத்தார்கள்.

மற்ற மூவரைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கிளீவ்ஸ் நாட்டு ஆனை ஆறு மாதத்தில் விலக்கினார். கேத்தரின் ஹோவர்ட் பதின்வயதுப் பெண்ணாகவே அரண்மனைக்கு வந்தவர், 1542இல் அவருக்கும் மரண தண்டனை. தலை வைக்கும் கட்டையை முதல் நாள் இரவே அறைக்குக் கொண்டுவரச் சொல்லி, எப்படித் தலை வைப்பது என்று பழகிப் பார்த்தாராம். கேத்தரின் பார் 1543இல் மணந்து, மன்னருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார். அந்தக் காலத்தில்தான் மேரிக்கும் ஆன் பொலினின் மகள் எலிசபெத்துக்கும் பட்ட வரிசையில் மறுபடி இடம் கொடுத்துச் சட்டம் வந்தது. வரிசையில் உண்டு, ஆனால் முறையான திருமணத்தில் பிறந்தவர்கள் என்று மட்டும் ஹென்றி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

1547இல் ஹென்றி இறந்தார். ஒன்பது வயது எட்வர்ட் மன்னரானார்.

இப்போது இரண்டாவது காகிதம். 1553. எட்வர்டுக்கு 15 வயது, நெஞ்சில் கடும் நோய். அக்காக்கள் இருவரும் வேண்டாம் என்று முடிவு செய்து, அடுத்து யார் என்று தன் கையாலேயே எழுதினார். அத்தை வழிக் குடும்பத்தில் பிறக்கப்போகும் ஆண் பிள்ளைகள், அந்த அத்தையின் பேத்தி ஜேன் கிரேயின் ஆண் வாரிசுகள் என்று எழுதிக்கொண்டு போகிறார். எல்லாமே இன்னும் பிறக்காத பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். காலம் இல்லை என்று புரிந்தபோது பேனாவை எடுத்துத் திருத்தினார். ஆங்கிலத்தில் 'ஜேன்ஸ்' என்று இருந்ததில் ஓர் 'எஸ்' எழுத்தை அடித்துவிட்டு, மேலே இரண்டு சொற்களைச் சேர்த்தார். 'ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு' என்றது 'ஜேனுக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும்' என்று ஆனது. யாருக்காக அப்பா அத்தனை பெண்களின் வாழ்க்கையைக் கசக்கினாரோ, அந்த மகன் கடைசியில் ஒரு பெண்ணின் பெயரை எழுதிவிட்டு ஜூலை 6ஆம் தேதி இறந்தார்.

ஜேன் ஒன்பது நாள் ராணி. மக்கள் மேரி பக்கம் திரண்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி மேரி லண்டனுக்குள் நுழைந்தார், 37 வயது, கேத்தரினின் மகள், இங்கிலாந்தின் ராணி. அவரோடு அந்த ஊர்வலத்தில் குதிரைமேல் இன்னொருவரும் வந்தார். முதல் காகிதத்தில் நெருக்கிச் செருகிய அந்த எழுத்துக்கு உரியவர், 19 வயது எலிசபெத்.