கேட்டு எழுதியதில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வாழ்வை வளமாக்குவது கேள்வியா, வாசிப்பா?’ கேள்வி என்றால் இங்கே காதால் கேட்டு அறிவது. வாசிப்பு அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் அணித் தலைவிக்கும், எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கிற தம்பிமாருக்கும், பிரியாணி அண்டா எப்போது திறக்கும் என்று பின்வரிசையில் யோசித்துக்கொண்டிருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வேண்டுகோள். கை தட்டுவதானால் பலமாகத் தட்டுங்கள். எனக்கு இடது காது கேட்காது, வலது காது பாதிதான். கேள்வியே பெரிது என்று முழங்கினாரே கோயம்புத்தூர்த் தம்பி, அவர் பேச்சைக் கேட்க முன்னால் வந்துதான் உட்கார்ந்தேன். அப்படியும் பாதி நழுவிவிட்டது. நல்லவேளை, தம்பி தாளில் எழுதி வைத்துப் படித்துத்தான் பேசினார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நானும் படித்துக்கொண்டேன்.

தாளில் முதலில் இருப்பது ‘செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம்’. அடுத்தது ‘கற்றில னாயினுங் கேட்க’. நல்ல ஆயுதங்கள்தான். ஆனால் இரண்டாவது குறளைத் தம்பி பாதியில் நிறுத்திவிட்டார். ‘அஃதொருவற்கு ஒற்கத்தின் ஊற்றாந் துணை’ என்று அது முடிகிறது. படிக்காதவன்கூடக் கேட்கட்டும், தளர்ந்த நேரத்தில் ஊன்றுகோல் மாதிரி உதவும் என்கிறார் வள்ளுவர். ஊன்றுகோலை நான் குறை சொல்ல மாட்டேன், என் காரிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் நடக்கிறது கால்தான் தம்பி, கோல் இல்லை. அதே வள்ளுவர் ‘கல்வி’ அதிகாரத்தில் ‘யாதானும் நாடாமால் ஊராமால்’ என்று ஆரம்பிக்கிறார். படித்தவனுக்கு எந்த நாடும் தன் நாடு, எந்த ஊரும் தன் ஊர். அப்படி இருக்க, சாகிறவரைக்கும் ஒருவன் படிக்காமல் இருக்கிறானே, ஏன் என்று கேட்கிறார். கப்பலேறி வந்த சனத்தின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கேட்ட மாதிரியே இருக்கிறது.

அடுத்துப் பேசிய அக்கா எல்லோரையும் கலங்கடித்தார். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மெட்ராஸிலிருந்து 342 பேரோடு ‘ட்ரூரோ’ கப்பல் இந்த டர்பனுக்கு வந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும், காதில் ஏந்தி வந்த தாலாட்டும் தேவாரமும் கூத்தும்தானே நம்மைத் தமிழராக வைத்திருக்கிறது என்றார். ஒத்துக்கொள்கிறேன். என் ஆயாவுக்குக் கையெழுத்து கட்டைவிரல்தான். அவள் பாடிய தாலாட்டில் நாலு அடி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே மறுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் அக்கா, அந்தச் சனம் கப்பலேறியதே எதைக் கேட்டு? டர்பன் இருக்கிற இந்த நேட்டாலில் மிளகாய்ச் செடிக்கு அடியில் பொன் கிடைக்கும் என்று ஆள்பிடிக்கிறவன் சொன்னானாம். (இதை நானும் ஆயா சொல்லிக் கேட்டதுதான். சிரிக்காதீர்கள் தம்பி, புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.) ஒப்பந்தத் தாளில் பொன் இல்லை. ஐந்து வருஷம் வேலை, முதல் வருஷம் மாதத்துக்கு 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். வாய் ஒன்று சொன்னது, தாள் ஒன்று சொன்னது. தாளைப் படிக்க முடியாதவர்கள் வாயை நம்பினார்கள். 1911-க்குள் இப்படி வந்து சேர்ந்தவர்கள், வடக்கத்தியர்களையும் சேர்த்து, 1,52,184 பேர்.

நம் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். இந்த மண்டபத்தில் எத்தனை கோவெண்டர்கள், கையைத் தூக்குங்கள்! பாருங்கள் ஐயா, கேள்விச் செல்வம் இத்தனை பேருக்குப் பெயர் வைத்திருக்கிறது. அன்றைக்கு அந்தப் பேரேட்டை எட்டிப் பார்த்துப் படிக்க ஒரு தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால், ‘துரை, இது தப்பு’ என்று அங்கேயே சொல்லியிருப்பார்.

கூத்தைச் சொன்னீர்கள். நாங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வருவதற்கு முன்னால் இருந்த இடத்தில் ஒரு கூத்து வாத்தியார் இருந்தார். விடிய விடியப் பாடுவார். எல்லாம் நெஞ்சில் இருக்கிறது என்று ஊரே வியக்கும். தகரப் பெட்டியைத் திறந்தால் துணியில் சுற்றி, அட்டையில் ‘பெரிய எழுத்து’ என்று அச்சடித்த புத்தகங்கள் நாலைந்து இருக்கும், ஓரமெல்லாம் விளக்கெண்ணெய்க் கறையோடு. ஊர் கேட்டது, அவர் படித்தார். இன்றைக்குக் கோயிலில் பிள்ளைகள் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துத் தேவாரம் பாடுகிறார்கள். பாடட்டும், பாடாமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் அந்த எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். திருத்த ஒருவராவது தமிழ் எழுத்தைப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் இரண்டு தலைமுறையில் சுவாமிக்கே புரியாது.

இனி என் கதைக்கு வருகிறேன். 27 வருஷம் துணி ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். காலர் வைப்பது என் வேலை. வரிசையாக மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவள் கத்தினாலும் கேட்காது. இந்தக் காது போனதே அங்கேதான். மத்தியான இடைவேளை அரை மணி. சாப்பிடப் பத்து நிமிஷம், படிக்க இருபது நிமிஷம். புத்தகத்தைக் கண்டால் சூப்பர்வைசருக்கு ஆகாது. அதனால் வெட்டிப்போட்ட பேட்டர்ன் பேப்பரில் அட்டை போட்டு, மேலே பென்சிலில் ‘ஸ்லீவ், சைஸ் 14’ என்று எழுதி வைப்பேன். எத்தனை ஸ்லீவ் படித்தேன் என்று கணக்கே இல்லை.

அந்தக் காலத்தில் தமிழ்ப் புத்தகம் கிடைப்பது அபூர்வம். இந்தியா 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்திவிட்டது. எப்படியோ சுற்றி வந்து சேரும் பத்திரிகைகளில் தொடர்கதையைக் கிழித்துத் தைத்து வைப்பார்கள், கை மாறிக் கை மாறி எங்களிடம் வரும். அப்படி வந்த ஒரு கதையில் கடைசி ஆறு அத்தியாயம் இல்லை. கதாநாயகி ஆற்றங்கரையில் நிற்கிறாள், அடுத்த பக்கம் இல்லை! படித்தவர்கள் யாராவது உண்டா என்று தேடித் தேடிக் கேட்டேன். கேள்வி அணியினரே, கவனியுங்கள். ஒருவர் ஆற்றில் குதித்துவிட்டாள் என்றார். ஒருவர் விஷம் குடித்தாள் என்றார். கோயில் அம்மா ஒருவர், காசநோய் வந்து புருஷன் மடியில் செத்தாள் என்று அழுதே விட்டார். 1993-இல் இரண்டு நாட்டுக்கும் உறவு திரும்பியது. அதற்கு அடுத்த வருஷம் நான் சென்னைக்குப் போனேன். எல்லோரும் பட்டுப்புடவைக் கடைக்குப் போனார்கள், நான் திருவல்லிக்கேணியில் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். மூன்றாம் நாள் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். அவள் சாகவே இல்லை ஐயா. ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய் இட்லிக் கடை வைத்திருந்தாள். பதினேழு வருஷமாக ஆளுக்கு ஒரு விதமாக அவளைக் கொன்றிருந்தார்கள்.

பேட்டர்ன் பேப்பர் அட்டை என்றேனே, அதைவிடப் பெரிய அட்டை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. டர்பன்காரர் சன்னி வெங்கட்ரத்னம் 1970-களில் ராபன் தீவுச் சிறையில் இருந்தார். அவரிடம் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடக் கூடாதே என்று, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளைப் புத்தகத்தின் மேல் ஒட்டினார். சாமிப் படங்கள். ‘இது எங்கள் வேதம்’ என்றார், விட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் புத்தகத்தைக் கூட இருந்த கைதிகளிடம் சுற்றுக்கு விட்டு, பிடித்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டார். 1977 டிசம்பர் 16-ஆம் தேதி நெல்சன் மண்டேலா, ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் கோழைகள் சாவதற்கு முன் பல முறை சாகிறார்கள் என்று வரும் இடத்தில் கையெழுத்திட்டார். நம் டர்பன் தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் தேர்ந்தெடுத்தது, ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில், தன் தீவிலேயே அடிமையாகிவிட்ட காலிபன் ‘இந்தத் தீவு என்னுடையது’ என்று சொல்கிற இடம். தீவுச் சிறையில் உட்கார்ந்துகொண்டு அந்த வரி! 2012-இல் அந்தப் புத்தகம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்குப் போனது, தீபாவளி அட்டையோடு.

அங்கே கல் உடைக்கிற இடத்தில் பேசிப் பேசித்தானே அவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள் என்று எதிரணி கேட்கும். ஆமாம். ஆனால் இந்த மண்டபத்தில் நான் பேசுவது உங்கள் முந்நூறு பேருக்கும் ஒரே பேச்சு. அந்தப் புத்தகத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஆள் வேறு வரி. ஒரே புத்தகம் மண்டேலாவுக்கு ஒன்றைக் கொடுத்தது, நாயருக்கு இன்னொன்றைக் கொடுத்தது.

காந்தியைப் பற்றி ஒன்று. அவர் தமிழில் முன்னேறியது எங்கே தெரியுமா? தென்னாப்பிரிக்கச் சிறைகளில், புத்தகம் வைத்துப் படித்து. தன் சுயசரிதையில் அவரே சொல்கிறார். தம்பி உடனே துள்ளுவார், ‘ஆனால் பேசக் கற்கவே இல்லையே!’ என்று. சரிதான், அதையும் அவரே எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. படிக்கத் தெரிந்த கொஞ்சமும் பழக்கம் விட்டுப்போய்த் துருப்பிடிக்கிறது என்கிறார். எனக்கு அந்த இடம்தான் சுருக்கென்று தைக்கும். மத்தியானத் தமிழ்ப் பள்ளியில் என்னோடு படித்த பதினோரு பிள்ளைகளில் இன்று தமிழ் படிக்கிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் தமிழ் என்ற பெயர் இருக்கிறது. நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். படித்தவர்கள் எத்தனை பேர்? கோவெண்டர்கள் தூக்கிய கைகளில் பாதியாவது தூக்குங்கள் பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பேரன் ஏதோ சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எதற்கென்று தெரியாது. ‘என்னப்பா?’ என்று மூன்றாம் தரம் கேட்கக் கூச்சமாக இருக்கும். ‘ஒன்றுமில்லை ஆயா, விடு’ என்பான். ‘விடு’ மட்டும் எப்படியோ நன்றாகக் கேட்டுவிடும். அவர்கள் போன பிறகு வராந்தாவில் விளக்கைப் போட்டுப் புத்தகத்தைத் திறந்தால், புரியாத வரியை நாலு தரம் படிக்கலாம். ஐந்தாம் தரமும் படிக்கலாம். அது ‘விடு’ என்று சொல்வதில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் படித்ததை எடுத்தால், அப்போது மாமியார் மேல் கோபம் வந்த இடத்தில் இப்போது மருமகள் மேல் வருகிறது. எழுத்து மாறவில்லை, நான்தான் பக்கம் மாறிவிட்டேன்.

போன மாதம் அந்தப் பேரனே ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் சிரிக்கிற சங்கதியைச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதி என் பக்கம் தள்ளுகிறான். இங்கிலீஷில்தான். போன ஞாயிறு மட்டும் தமிழில் ஒரு வார்த்தை எழுதியிருந்தான். ‘ஆயா’ என்று. ‘யா’வுக்குக் கால் போட மறந்துவிட்டான், நான் போட்டுக் கொடுத்தேன்.

என்ன, எல்லோரும் சிரிக்கிறீர்கள்? நடுவர் ஐயா கையைக் காட்டுகிறார். மணி அடித்துவிட்டீர்களா? எப்போது? இரண்டு தரமா? மன்னிக்க வேண்டும் ஐயா, எனக்கு எட்டவில்லை. அடுத்த தடவை நேரம் முடிந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், படித்ததும் உட்கார்ந்துவிடுகிறேன்.