நீங்கள் யார் என்று கேட்டால்

(மதுரையை அடுத்த ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய பேராசிரியர் ஏழு நிமிடம் பேசினார். பிறந்த ஊர், படித்த பள்ளி, வாங்கிய பட்டங்கள், ஓய்வு பெற்ற ஆண்டு எல்லாம் வந்தன. அன்புக்கு நன்றி. ஆனால் முப்பது ஆண்டுகளாக ஆள் எடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற விவரம் மட்டும் விடுபட்டுப்போனது. நீங்கள் இன்று என் பேச்சைக் கேட்பதற்கு இருக்கும் ஒரே காரணம் அதுதான்! நேர்முகத் தேர்வில் உங்களில் பலர் செய்யப்போவதும் இதையேதான்.

மேசைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் உள்ளே வரும்போது உங்களுக்கு முன்னால் இருபது பேரைப் பார்த்து முடித்திருப்போம். தேநீர் ஆறிக் கிடக்கும். எங்களில் ஒருவர் உங்கள் பயோடேட்டாவை அப்போதுதான் முதன்முறையாகப் புரட்டுவார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பது பாதி உங்களைத் தெரிந்துகொள்ள. பாதி, அந்தத் தாளைப் படிக்க அவகாசம் கிடைக்க. தாளில் இருப்பதையே நீங்கள் ஒப்பித்தால் நாங்கள் தாளைப் படித்துக்கொண்டிருப்போம், உங்களைக் கேட்கமாட்டோம்.

உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஸ்டோர்ஸ் உதவியாளர் வேலைக்கு வந்தார். பெயர் சொன்னார். அப்பா வியாபாரம், அம்மா இல்லத்தரசி, ஒரு தங்கை. பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. பலம் கடின உழைப்பு. பலவீனம், எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது. அந்தப் பலவீனத்தை அன்று காலை மட்டும் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள்.

"என்ன வியாபாரம், தம்பி?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு, "பூ வியாபாரம், சார்" என்றார்.

துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அவருடைய அப்பாவுக்குக் கமிஷன் கடை. கல்லூரி நாட்களில் விடிவதற்கு முன்பே இவரும் அங்கே போய்விடுவார். எந்த விவசாயியின் மூட்டை எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இவர் கையெழுத்தில்தான் நோட்டில் ஏறும். ஆறு மணிக்கு இருந்த விலை ஒன்பது மணிக்கு இருக்காது. மல்லிகை மொட்டு விரியத் தொடங்கினால் விலை விழுந்துவிடும் என்பதால் வந்த சரக்கை வந்த வரிசையிலேயே தள்ளிவிட வேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியேற வேண்டும் என்பது ஸ்டோர்ஸ் வேலையின் அரிச்சுவடி. மூன்று வருடமாக அந்த வேலையைச் செய்துவிட்டு, எங்கள் எதிரே உட்கார்ந்து "எனக்கு அனுபவம் இல்லை, சார்" என்கிறார்! 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியைப் பற்றி ஊரே பெருமை பேசுகிறது. அதை நிறுத்து விற்கும் வீட்டுப் பிள்ளையோ கூசிப்போய் 'வியாபாரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

அவர் இப்படித் தொடங்கியிருக்கலாம்: "பி.காம். முடித்திருக்கிறேன். மூன்று வருடமாகக் காலையில் எங்கள் பூக்கடையில் வரவு, இருப்பு, பாக்கிக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். கெட்டுப்போகும் சரக்கைக் கையாண்ட பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு உங்கள் ஸ்டோர்ஸில் கணினிவழிக் கணக்கையும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்." அரை நிமிடம்கூட ஆகாது. அடுத்த கேள்வி பூக்கடையைப் பற்றித்தான் வரும். அது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரிந்த விஷயம்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி வந்து நின்றபோது மன்னன் கேட்டதும் இந்தக் கேள்விதான்: நீ யார்? சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அவள் சொன்ன பதிலைக் கவனியுங்கள். புறாவின் துயர் தீர்த்த மன்னன், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னன், அவர்கள் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். நீதி கேட்க வந்தவள், நீதிக்குப் பெயர்பெற்ற ஊர் என்று தன் ஊரைச் சொல்கிறாள். பிறகு கணவன் குடி, அவன் சிலம்பு விற்க வந்தது, கொலையுண்டது. பெயர் கடைசியில்தான் வருகிறது. தன் தந்தை மாநாய்கனைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல் இல்லை. மாதவியைப் பற்றியும் இல்லை. வழக்குக்கு வேண்டாதது எதுவும் இல்லை. அடுத்து, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் சொல்லிக்கொள்ளும் 'கடின உழைப்பாளி'யை எதை உடைத்துப் பார்ப்பது? (எடுத்த எடுப்பில் மன்னனை 'தேரா மன்னா' என்றாளே, அதை மட்டும் பின்பற்ற வேண்டாம்.)

மனப்பாடம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 1984இல் என் முதல் நேர்முகத் தேர்வு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் உருப்போட்டுக்கொண்டு போயிருந்தேன். பாதியில் ஒருவர், "திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்தீர்களா?" என்று குறுக்கிட்டார். ஆமாம் என்றேன். விட்ட இடம் மறந்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் "மை நேம் இஸ்" என்று முதலிலிருந்து தொடங்கினேன். அவர்கள் சிரிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அதுதான் இன்னும் வலிக்கிறது. ஆகவே வாக்கியங்களை உருப்போடாதீர்கள். சொல்ல வேண்டிய மூன்று செய்திகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். தடுமாறினால் தமிழில் சொல்லலாமா என்று கேட்பதில் வெட்கம் இல்லை. ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தங்கைகளே, திருமணப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்; அது அவர்களுக்கு வேண்டாத செய்தி.

என் பேச்சு போதும். மைக்கைக் கீழே கொடுக்கிறேன். முதல் வரிசை நீலச் சட்டைத் தம்பி, எழுந்திருங்கள். அப்பா பெயர், ஊர், பொழுதுபோக்கு மூன்றையும் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். கடிகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.