கோடு ஏன் வளைகிறது?

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

தமிழ் வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் வழவழப்பான தாளில் சில வரைபடங்கள் இருக்கும். பவுல் அப்போஸ்தலரின் பயணங்களை வண்ணக் கோடுகளாக வரைந்திருப்பார்கள். சிறுவயதில் அந்தக் கோடுகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பேன். செசரியாவில் புறப்படும் கோடு நேராக ரோமாபுரிக்குப் போகாது. வடக்கே ஏறும், சீப்புரு தீவை ஒட்டி வளையும், கிரேத்தாவுக்குத் தெற்கே இறங்கும். ஏன் இப்படி வளைகிறது என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம் கேட்டேன். “கர்த்தர் நடத்தின வழி” என்றார். அந்த விடையை நான் இன்றும் மறுக்கவில்லை. எந்தக் காற்றைக் கொண்டு நடத்தினார், எந்தச் சாலையைக் கொண்டு நடத்தினார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் புவியியல் படித்தேன். பிறகு பல ஆண்டுகள் அதையே பள்ளியில் கற்பித்தேன். இன்று உங்கள்முன் வைக்கப்போவதும் அந்த ஒரே கேள்விதான். கோடு ஏன் வளைகிறது?

முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த கரை முழுவதும் ரோமின் ஆதிக்கத்தில் இருந்தது. ரோமர்கள் அதை ‘நம் கடல்’ என்றே அழைத்தார்கள். கல் பாவிய சாலைகளும் மைல்கற்களும் இருந்தன. குதிரை மாற்றும் நிலையங்களோடு அரசாங்க அஞ்சல் ஒன்றும் இருந்தது. ஆனால் அந்த அஞ்சல் அரசு அலுவலுக்கு மட்டும். கூடாரம் தைக்கிறவரும் சாயத்துணி விற்கிறவரும் கடிதம் அனுப்ப வேண்டுமானால், அந்தப் பக்கம் போகும் ஆள் ஒருவர் கிடைக்க வேண்டும். கொலோசெயருக்குப் பவுல் எழுதிய நிருபத்தோடு தீகிக்கு போனார். கொரிந்து நகரின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்த பெபேயாள்தான் ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுபோனார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. துறைமுகத்துக்காரர் கையில் கடிதம் போனதில் வியப்பில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் கடிதம் பெறும் ஏழு சபைகளைப் பாருங்கள். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. ஞாயிறுதோறும் ஒப்பித்த வரிசை இது. எழுதியவர் பத்மு தீவில் இருக்கிறார். தீவிலிருந்து கடிதம் கொண்டுவரும் ஆள் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான ஆசியா மாகாணத்தின் பெரிய துறைமுகமான எபேசுவில் இறங்குகிறார். அங்கிருந்து வடக்கே நடந்தால் சிமிர்னா, இன்றைய இஸ்மிர். மேலும் வடக்கே பெர்கமு. அங்கே சாலை தென்கிழக்காகத் திரும்புகிறது. தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா என்று இறங்கி, லீக்கு நதிப் பள்ளத்தாக்கில் லவோதிக்கேயாவுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் மறுபடியும் எபேசு. வில்லியம் ராம்சே என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர் இந்த நாட்டை ஆண்டுக்கணக்கில் சுற்றிப் பார்த்துவிட்டு, 1904ஆம் ஆண்டில் இதை எடுத்துச் சொன்னார். நாம் மனப்பாடம் செய்த வரிசை ஒரு தபால்காரரின் நடைவழி.

சாலையோடு நின்றுவிடாமல் ஊருக்குள்ளும் போவோம். சர்தை சபைக்கு வரும் வார்த்தை ‘விழித்துக்கொள்’ என்பது; விழிக்காவிட்டால் திருடனைப்போல் வருவேன் என்கிறது. அந்த ஊரின் கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. யாராலும் ஏற முடியாது என்று காவல் வைக்காமல் விட்ட பக்கத்தின் வழியாகவே அது இரண்டு முறை பிடிபட்டது. முதல் முறை கி.மு. 6ஆம் நூற்றாண்டில், வேதாகமம் கோரேஸ் என்று அழைக்கும் பாரசீக மன்னனிடம். இரண்டாம் முறை கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூன்றாம் அந்தியோகஸிடம். சர்தை ஊர்க்காரர் ஒருவர் ‘விழித்துக்கொள்’ என்று வாசிக்கக் கேட்டபோது அவர் தலை தானாக அந்த மலைப்பக்கம் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

லவோதிக்கேயாவில் சற்று அதிகநேரம் நிற்க விரும்புகிறேன். எனக்கு மிகவும் பிரியமான ஊர் அது. கி.பி. 60இல் நிலநடுக்கம் அதை இடித்துப் போட்டது. ரோம அரசின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கறுப்பு ஆட்டுமயிர் நெசவுக்கும் பேர்போன ஊர். அந்த ஊர்ச் சபை தன்னை ஐசுவரியமுள்ளது, ஒன்றும் குறையில்லாதது என்று சொல்லிக்கொள்வதாகக் கடிதம் சொல்லும்போது, ஊரின் பெருமிதம் முழுவதும் அதற்குள் கேட்கிறது. வெள்ளை வஸ்திரத்தை வாங்கிக்கொள் என்று வேறு சொல்கிறது, கறுப்பு நெசவுக்காரர்களுக்கு.

நீ அனலுமில்லை, குளிருமில்லை, வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்றும் கடிதம் அந்தச் சபையைக் கடிந்துகொள்கிறது. அந்த வெதுவெதுப்பு என்ற சொல்லையும் அந்த ஊரில் வைத்தே படிக்க வேண்டும். லவோதிக்கேயாவுக்கு வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் எராப்போலி. அங்கே மலையிலிருந்து வெந்நீர் ஊற்றெடுத்து, வெண்சுண்ணாம்புப் படிகளாக உறைந்து நிற்கிறது. இன்று துருக்கியின் பமுக்கலே என்று சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். வியாதிக்காரர்கள் குளிக்க வந்த நீர் அது. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கொலோசெ. அங்கே மலையடிவாரத்துக் குளிர்ந்த நீர். நடுவில் இருந்த பணக்கார ஊருக்கோ தூரத்து ஊற்றிலிருந்து கற்குழாய்களில் நீர் வந்தது. அந்தக் குழாய்கள் இன்றும் இடிபாடுகளுக்கிடையே கிடக்கின்றன. உள்ளே சுண்ணாம்பு படிந்து துவாரம் குறுகியிருப்பதைப் பார்க்கலாம். வெந்நீர் குணமாக்கும், தண்ணீர் தாகம் தீர்க்கும், இரண்டும் கெட்டான் நீர் வாயிலிருந்து துப்பப்படும் என்று இந்த வசனத்துக்கு ஆய்வாளர்கள் பலர் விளக்கம் சொல்கிறார்கள். நான் சிறுவனாகக் கேட்ட பிரசங்கங்களில் அனல் என்றால் பக்தி, குளிர் என்றால் அவிசுவாசம். குளிர்ந்த நீரைக் கெட்டதாக நினைக்கும் ஊர் எது? நிலத்தைப் பார்த்தபிறகு அந்தப் பழைய விளக்கத்துக்கு என்னால் திரும்ப முடியவில்லை. இந்த மூன்று ஊர்களையும் பவுலின் கொலோசெயர் நிருபம் ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறது. கடிதங்களை மாற்றி மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறது. கூப்பிடு தூரத்து ஊர்கள் அல்லவா!

ஐரோப்பியப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆசியாவின் துரோவாவில் கப்பலேறிய பவுல் நெயாப்போலியில், இன்றைய கவாலாவில், இறங்குகிறார். அங்கே எக்னாத்தியா சாலை காத்திருக்கிறது. அட்ரியாட்டிக் கரையிலிருந்து பைசாந்தியம் வரை 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய சாலை. பிலிப்பியும் தெசலோனிக்கேயும் அதன்மேல் இருந்தன. இரண்டு ஊர்ச் சபைகளுக்கும் நிருபங்கள் இருக்கின்றன. பிலிப்பியில் முதலில் செவிகொடுத்த லீதியாள் அந்த ஊர்க்காரி இல்லை. இரத்தாம்பரம் என்ற சாயத்துணி விற்க வந்தவள், தியத்தீரா ஊராள். சாயத்தொழிலாளர் சங்கக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கும் அதே தியத்தீரா. சுவிசேஷம் கடல்தாண்டிப் போனபோது, கடல்தாண்டி வந்த வியாபாரியின் வீடுதான் அதற்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்ணக் கோடுகள், அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில் லூக்கா எழுதிய வழிகளை மட்டுமே காட்டுகின்றன. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், ஆவியானவர் இடங்கொடுக்கவில்லை என்று அவர் எழுதுகிறார். படத்தில் அந்த மாகாணம் வெறுமையாகக் கிடக்கிறது. இரண்டு தலைமுறை கழிந்தபின், கி.பி. 112 வாக்கில், அதே பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதுகிறார். இந்த மதம் நகரங்களோடு நிற்காமல் கிராமங்களிலும் வயல்வெளிகளிலும் பரவிவிட்டது என்று முறையிடுகிறார். யார் கொண்டுபோனார்கள்? கோடு வரையப்படாத மனிதர்கள். கிழக்கேயும் அப்படித்தான். யூப்ரட்டீஸ் நதிக்கரையில், ரோம எல்லையின் ஓரத்தில், துரா யூரோப்போஸ் என்ற ஊரில் ஒரு வீடு 3ஆம் நூற்றாண்டில் ஆராதனைக் கூடமாக இருந்தது. மண்ணுக்குள் புதைந்திருந்த அந்த வீட்டின் சுவர் ஓவியங்களை 1930களில் தோண்டி எடுத்தார்கள். சீரியாக் மொழி பேசிய அந்தக் கிழக்கு உலகத்துக்கு நம் படங்களில் ஒரு கோடுகூட இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

இப்போது கடலுக்கு வருகிறேன், அந்த வளைந்த கோட்டுக்கு.

கோடைகாலத்தில் கிழக்கு மத்தியதரைக் கடலில் காற்று வடமேற்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கும். இத்தாலியிலிருந்து எகிப்துக்கு வருகிற கப்பலுக்கு அது வரம். புத்தேயோலியில் கிளம்பிய ஒரு கப்பல் ஒன்பதாம் நாளே அலெக்சாந்திரியா சேர்ந்ததாக, ஆளுநர் பிளினியின் தாய்மாமனான மூத்த பிளினி குறித்திருக்கிறார். திரும்பிப் போகும்போது அதே காற்று முகத்தில் அறையும். ஆகவே ரோமாபுரிக்குக் கோதுமை சுமந்த கப்பல்கள் வடக்கே ஏறி, சின்ன ஆசியாவின் கரையை ஒட்டி, தரைக்காற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேற்கே நகர்ந்தன. செசரியாவில் கைதியாக வேறு கப்பலில் ஏற்றப்பட்ட பவுலை, லீசியா நாட்டு மீறா துறைமுகத்தில் ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி யூலியு அலெக்சாந்திரியாக் கப்பலுக்கு மாற்றியது இதனால்தான். அலெக்சாந்திரியா என்றதும் நமக்கும் ஒரு உறவு நினைவுக்கு வர வேண்டும். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு பாடும் முசிறியின் சரக்கு, செங்கடல் துறைகளில் இறங்கி, பாலைவனம் கடந்து, நைல் நதியில் மிதந்து, அந்த நகரத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

கி.பி. 59 அல்லது 60. யூதர்களின் உபவாச நாள் கழிந்துவிட்டது என்று லூக்கா சொல்கிறார், அதாவது இலையுதிர்காலம். நவம்பர் முதல் மார்ச் வரை கடல் அடைபடும். அதற்கு முந்திய வாரங்களே ஆபத்தானவை. கிரேத்தாவின் ‘நல்ல துறைமுகம்’ என்ற இடத்தில் தங்கிவிடலாம் என்று பவுல் எச்சரிக்கிறார். மாலுமியும் கப்பல் எஜமானும் சொன்னதை அதிபதி நம்புகிறார். புறப்பட்டதும் தீவின் மலையிலிருந்து யூரோக்கிலிதோன் இறங்கி மோதுகிறது. வடகிழக்குக் காற்று, நம் கடற்கரையில் வாடைக்கொண்டல் என்பார்கள். கயிறுகளால் கப்பலைச் சுற்றிக் கட்டுகிறார்கள், ஆப்பிரிக்கக் கரையோரச் சொரிமணலுக்கு அஞ்சிப் பாயை இறக்குகிறார்கள், மிதக்கிறார்கள். பதினான்காம் இரவு நடுச்சாமத்தில் கரை நெருங்குவதாகக் கப்பலாட்கள் உணர்கிறார்கள். விழுது விட்டுப் பார்த்தால் இருபது பாகம். சற்று அப்பால் பதினைந்து பாகம். நம் மீனவர்கள் ஆழத்தைச் சொல்லும் அதே பாகம் என்ற சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே போட்டிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் மகிழ்ச்சி அடைகிறேன்.

ஜேம்ஸ் ஸ்மித் என்பவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், பாய்மரப் படகோட்டி. 1840களில், பவுலின் கப்பல் கரைதட்டிய மால்தாவில் ஒரு குளிர்காலம் தங்கி, நடபடிகளின் இந்த அதிகாரத்தைக் கணக்குப் போட்டார். கிரேத்தாவுக்குத் தெற்கே உள்ள கிலவுதா தீவிலிருந்து மால்தா வரை ஏறத்தாழ 480 கடல் மைல். பாயிறக்கிய அத்தகைய கப்பல் ஒரு நாளில் 36 மைல் ஒதுங்கும். பதின்மூன்று நாள் கழிந்து பதினான்காம் இரவு! பவுல் குடா என்று அழைக்கப்படும் இடத்தின் வாயில் ஆழம் பார்த்தால் இருபது பாகமும் பதினைந்து பாகமும் அடுத்தடுத்துக் கிடைத்தன. லூக்கா அந்தக் கப்பலில் இருந்தவர் எழுதுவதுபோலவே எழுதியிருக்கிறார். 276 பேரும் கரையேறினார்கள்.

குளிர்காலம் முடிந்து, இன்னொரு அலெக்சாந்திரியாக் கப்பல் அவர்களைப் புத்தேயோலியில் இறக்குகிறது. எகிப்தின் கோதுமை வந்து குவிந்த துறைமுகம் அது. அங்கே சகோதரர்களைக் கண்டார்கள் என்று ஒரே வரியில் லூக்கா கடந்து போகிறார். பவுல் அதற்குமுன் அந்த மண்ணை மிதித்ததில்லை. ரோமாபுரியிலும் சபை இருந்தது. அங்கே முதலில் யார் பிரசங்கித்தார்கள் என்று நடபடிகள் புத்தகம் சொல்வதில்லை. பொந்து நாட்டுக் கூடாரத் தொழிலாளி ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் ரோமாபுரியில் இருந்து, பேரரசர் கிலவுதியு யூதர்களைத் துரத்தியபோது கொரிந்துக்கு வந்து, எபேசுவுக்குப் போய், மறுபடி ரோமாபுரிக்கே திரும்பியவர்கள். அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் இருபதுக்கும்மேல் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கின்றன.

கைதி வருகிறார் என்ற செய்தி அப்பியு சாலைவழியே அவருக்கு முன்னால் போய்விட்டது. ரோமாபுரியிலிருந்து சிலர் எதிர்கொண்டு வந்தார்கள். மூன்று சத்திரம் என்ற இடம் நகரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அப்பியுபுரம் அதற்கும் அப்பால். நடந்து வந்திருந்தால் இரண்டு நாள் வழி. பவுல் அவர்களைக் கண்டு, தேவனை ஸ்தோத்திரித்து, தைரியமடைந்தார் என்கிறார் லூக்கா. அவர்களில் ஒருவர் பெயரையும் எழுதவில்லை.