ஒட்டாத ரேர் எர்த் அலாய், ஆனா குளிர்ல கில்லாடி

வணக்கம் மக்களே. ரேர் எர்த்னா, அதாவது அரிய மண் உலோகங்கள்னாலே எல்லாரும் நேரா நியோடைமியம் மேக்னட்டுக்குத் தான் ஓடுவோம், அது 1984ல வெளிவந்த பெரிய விஷயம்தான், இன்னிக்கு அதத் தொடப்போறதில்ல. அதே குடும்பத்துல எர்பியம் நிக்கல், ஹோல்மியம் காப்பர்னு ஒரு கூட்டம் இருக்கு, இதுங்கள ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டவெச்சா தொப்புன்னு கீழ விழுந்துடும், ரூம் டெம்பரேச்சர்ல காந்தம்ங்கிற பேச்சே கிடையாது. அப்புறம் எதுக்கு?

எம்ஆர்ஐ மிஷின்ல இருக்கிற சூப்பர்கண்டக்டிங் காயில் லிக்விட் ஹீலியத்துல கிடக்கும், சுமார் 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி. அந்த ஹீலியம் ஆவியாப் போயிடாம திரும்ப திரவமாக்க ஒரு குட்டி கூலர் ஓடும். அதுக்குள்ள ரீஜெனரேட்டர்னு ஒரு பகுதி, ஹீலியம் கேஸ் உள்ள வரும்போது அதோட சூட்ட வாங்கி வெச்சுக்கிட்டு திரும்பிப் போகும்போது குடுத்துடணும். முன்ன ஈயக் குண்டு தான் போடுவாங்க. பிரச்சனை என்னன்னா ரொம்பக் குளிர்ல ஈயத்தோட அணு அதிர்வே அடங்கிடுது, ஹீட் கெபாசிட்டி, அதாவது சூட்டப் பிடிச்சு வெச்சுக்கிற திறன், டெம்பரேச்சரோட மூணாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி விழுது, டெம்பரேச்சர் பாதியானா அது எட்டுல ஒரு பங்காயிடும். 10 கெல்வினுக்குக் கீழ ஈயத்தால சூட்டப் பிடிச்சு வெச்சுக்கவே முடியாது.

இங்க தான் மூணு எர்பியம் ஒரு நிக்கல் சேர்ந்த காம்பவுண்ட் வருது. எர்பியத்தோட குட்டி காந்தங்கள் தலைக்கு ஒரு பக்கம் திரும்பி நிக்கும், 7, 8 கெல்வின் வாக்குல தான் ஒழுங்குக்கு வரும், அந்த மாற்றத்துல என்ட்ரோபி, அதாவது ஒழுங்கில்லாமையோட அளவு, சட்டுன்னு மாறுறதால ஹீட் கெபாசிட்டி கிராஃப்ல சரியா நமக்கு வேணும்ங்கிற இடத்துலயே ஒரு மேடு எழும்புது. அதிர்வு கைவிட்ட இடத்துல காந்தம் வேலை பாக்குது, எனக்கு இதுல பிடிச்சதே இது தான்.

ஏன் இவ்ளோ கீழன்னா, காந்தத்துக்குக் காரணமான 4எஃப் எலக்ட்ரான் அணுக்குள்ள ஆழமா ஒளிஞ்சிருக்கு, பக்கத்து அணுவ நேராத் தொடாது, நடுவுல ஓடுற கண்டக்ஷன் எலக்ட்ரான் மூலமாத் தான் பேசிக்கணும். அதனால தனிமத்த மாத்தினா டெம்பரேச்சரும் மாறும். ஒரு ரேர் எர்த்தோட ரெண்டு அலுமினியம் சேர்ந்த காம்பவுண்ட எடுத்துக்கோங்க, ஒரே அமைப்பு தான், கடோலினியம் போட்டா சுமார் 170 கெல்வின்ல ஒழுங்காகும், டிஸ்ப்ரோசியம்னா 60, ஹோல்மியம்னா 30, எர்பியம்னா 13 பக்கம்.

சரி, 1997ல அமெரிக்காவோட ஏம்ஸ் லேப்ல பெச்சார்ஸ்கியும் கிஷ்னைட்னரும் கடோலினியம் சிலிக்கான் ஜெர்மானியத்துல, ரூம் டெம்பரேச்சருக்குக் கொஞ்சம் கீழ, காந்தப்புலம் போட்டா சூடாகி எடுத்தா குளிர்ற விளைவு பெருசா வருதுன்னு காட்டினாங்க, உடனே கேஸே இல்லாத ஃப்ரிட்ஜ்னு பேச்சு கிளம்புச்சு. ஆனா அதுல காந்தம் மாறும்போது கிரிஸ்டல் அமைப்பும் சேர்ந்து மாறுது, போற பாதையும் வர பாதையும் ஒண்ணா இல்ல, ஹிஸ்டரிசிஸ்ல ஒவ்வொரு சுத்துக்கும் எனர்ஜி வீணாப் போகும். வீட்டு ஃப்ரிட்ஜ விட ஹைட்ரஜன திரவமாக்குற 20 கெல்வின் பக்கம் தான் இந்த காந்தக் குளிரூட்டல் முதல்ல நிக்கும்னு நான் நினைக்கிறேன், அங்க ஹோல்மியம் எர்பியம் காம்பவுண்டுக்குப் போட்டியே கம்மி.