கே போட்ட கணேசனும் ஜி போட்ட கணேசனும்

வணக்கம் நேயர்களே. எனக்கு 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார். அவர் விரலைக் காட்டினால் நான் முடித்துவிட வேண்டும். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

நான் 18 வருடம் பார்த்த வேலைக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. மலேசிய அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகைப் பட்டியலில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற வேலை. மோசடித் தடுப்புப் பகுப்பாய்வாளர் என்று அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம். ஆனால் என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தது, "மக கெபாஜிக்கான் போலீஸு." நான் போலீசும் இல்லை, கெபாஜிக்கான் என்கிற சமூக நல இலாகாவிலும் இல்லை. இருந்தாலும் அதைக் கேட்ட பிறகு எங்கள் அடுக்குமாடியில் இரண்டு பேர் என்னோடு லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள்.

உதவித்தொகை என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2012-இல் பிரிம் என்று வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 500 ரிங்கிட் கொடுத்தார்களே, அங்கே தொடங்கியது. அப்புறம் ஆட்சி மாற மாற அதன் பெயரும் மாறியது. பிஎஸ்எச், பிபிஆர், பிகேஎம், இப்போது எஸ்டிஆர். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இன்றுவரை எல்லாமே பிரிம்தான். "பிரிம் ஏறிடுச்சாம்மா?" என்று என்னிடம்தான் கேட்பார்.

கல்யாணப் பந்தியில் என் வேலை இன்னதென்று தெரிந்ததும் பக்கத்து இலைக்காரர் தவறாமல் ஒன்று சொல்வார். "எங்க லோரோங்குல ஒருத்தன் பெரிய காடி வெச்சிருக்கான். அவனுக்குப் பணம் வருது, எனக்கு வரல. மொதல்ல அவனப் புடிங்க." நான் தலையை ஆட்டிவிட்டுப் பாயசத்தைக் கவனிப்பேன். அந்தக் கார் மருமகனுடையதாக இருக்கலாம். கடன் கட்டாமல் நாளைக்கே வங்கி இழுத்துக்கொண்டு போகப் போவதாக இருக்கலாம். அவருடையதாகவேகூட இருக்கலாம். பாயசம் சாப்பிடும் நேரத்தில் அதை முடிவு செய்ய முடியாது.

இந்த வேலையில் இரண்டு விதமாகத் தவறலாம். தகுதி இல்லாதவருக்குக் கொடுத்துவிடலாம். தகுதி உள்ளவருக்குக் கொடுக்காமல் விட்டுவிடலாம். முதல் தவறு பத்திரிகையில் வரும். இரண்டாவது வராது. பணம் வராத பாட்டி பத்திரிகை ஆபீசுக்கு போன் போடுவதில்லை. வலையின் கண்ணைப் பெரிதாக்கினால் முதல் தவறு கூடும், சிறிதாக்கினால் இரண்டாவது கூடும். இரண்டும் இல்லாத வலையை இதுவரை யாரும் பின்னியதில்லை.

சரி, இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பெயர். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், "ஆரம்பிச்சிட்டாங்க" என்று வானொலியை அணைத்துவிடுவார்கள். அணைக்கட்டும்.

மைகார்ட், அதாவது அடையாள அட்டை, பக்கத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். காடி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம். 12 இலக்கம் இருக்கும். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். கோலாலம்பூர் என்றால் 14, பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இவ்வளவு நல்ல எண் இருக்கும்போது பெயரில் என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். எண் எல்லாப் பட்டியலிலும் இருக்காது. பழைய கோப்பில் பழைய ஐசி, அதாவது பழைய அடையாள அட்டை எண் இருக்கும். பாரம் நிரப்பியவர் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருப்பார். கணவர் பெயர், அப்பா பெயர் என்ற கட்டத்தில் வெறும் பெயர்தான் இருக்கும். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பாரத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்தாக வேண்டும். அங்கேதான் நம் ஆட்கள் வந்து மாட்டுவார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. நம் பெயர், நடுவில் ஏ எல் அல்லது ஏ பி, அப்புறம் அப்பா பெயர். மலாயில் அனாக் லெலாக்கி என்றால் மகன், அனாக் பெரம்புவான் என்றால் மகள். ஒரு பட்டியலில் ஏ-க்கும் எல்லுக்கும் நடுவே சாய்கோடு இருக்கும். இன்னொன்றில் கோடு தொலைந்துபோய் 'அல்' என்று நிற்கும். முனியாண்டி அல் ராமன். அரபு நாட்டு இளவரசர் மாதிரி. இன்னும் பழைய பத்திரங்களில் ஆங்கிலத்தில் எஸ் ஓ, டி ஓ, அதாவது சன் ஆஃப், டாட்டர் ஆஃப். ஆள் ஒருவர்தான்.

அடுத்து எழுத்து. தமிழில் இருப்பது ஒரே க. ரப்பர் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் ஆங்கில எழுத்தில் பெயரை எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் கிராணி என்கிற தோட்டத்து எழுத்தர். அவர் காதில் அன்றைக்கு எப்படி விழுந்ததோ அப்படி. அதனால் கே போட்ட கணேசனும் உண்டு, ஜி போட்ட கணேசனும் உண்டு. அண்ணன் பத்திரத்தில் அப்பா பெயர் ஜி போட்ட கோவிந்தசாமி, தம்பி பத்திரத்தில் கே போட்ட கோவிந்தசாமி. கணினியைக் கேட்டால் இரண்டு அப்பா என்று சொல்லும். அந்த வீட்டு அம்மாவிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

லட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ என்று எழுதுவார்கள். நம் ஊரில்? எல், இ, டி, சி, எச், யு, எம், ஐ. லெட்சுமி. கடைசியில் சிலருக்கு ஒய். இந்த எழுத்தைப் பார்த்தாலே எனக்கு ரப்பர் பால் வாசம் அடிக்கும்.

இரண்டு பெயரும் ஒன்றா என்று பார்க்கக் கணினிக்குப் பல வழி உண்டு. பழைய வழி ஒன்றுக்கு சவுண்டெக்ஸ் என்று பெயர். 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கியது. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களை ஒரே பெட்டிக்குள் போடும். எப்படிப் போடும்? முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். பின்னால் வரும் மெய்யொலிகளை எண்ணாக மாற்றும். ஐ போட்ட ஸ்மித்தையும் ஒய் போட்ட ஸ்மித்தையும் அழகாகச் சேர்த்துவிடும். ஆனால் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் என்றேன் பாருங்கள், அங்கேயே நம் கணேசன் கதை முடிந்தது. லட்சுமிக்கோ ஓர் எழுத்தில் எல் 250, இன்னோர் எழுத்தில் எல் 325. வேறு வேறு பெட்டி.

இன்னொரு வழி, 1965-இல் லெவன்ஷ்டைன் என்ற சோவியத் கணித அறிஞர் கொடுத்தது. ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைத் தொட வேண்டும் என்று எண்ணுவது. குறைவாகத் தொட்டால் போதும் என்றால் ஒரே ஆளாக இருக்கலாம். நல்ல யோசனைதான். அந்த லட்சுமியை நம் லெட்சுமி ஆக்க நான்கு இடத்தில் தொட வேண்டும். மணியை ராணி ஆக்க? எம்மை எடுத்துவிட்டு ஆர் போட்டால் போதும், ஒன்றே ஒன்று. ஆகக் கணினிக்கு லட்சுமியும் லெட்சுமியும் அந்நியர்கள். மணி அண்ணனும் ராணி அக்காவும் கிட்டத்தட்ட ஒரே ஆள்.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். க-வுக்கு கே, ஜி. ச-வுக்கு எஸ், சி எச். செல்வம் இரண்டு விதமாகவும் இருக்கிறார். த-வுக்கு வெறும் டி, அல்லது டி எச், தங்கவேலு அண்ணன்கள் சாட்சி. கண்ணில் பட்ட ஜோடியை எல்லாம் எழுதி வைத்தேன். புத்தகம் நிரம்பி இரண்டாவது வாங்கினேன். கணினிப் பிரிவுத் தம்பிகளிடம் கொடுத்து, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வருடம் நச்சரித்தேன். சேர்த்தார்கள். சந்தேகப் பட்டியலில் நம் பெயர்கள் சட்டென்று குறைந்தன. அதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் நாம் அத்தனை பேர் நின்றதற்குக் காரணம் கிராணியின் காது.

பெயர் மட்டுமில்லை. ஒருமுறை ஒரே தொலைபேசி எண்ணில் 11 விண்ணப்பம் வந்தது. எல்லாம் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம், எல்லாரும் வயதான பெண்கள். என் மேலதிகாரி பார்த்தவுடன், "ரன்னர்" என்றார். பாரம் நிரப்பிக் கொடுத்துப் பணத்தில் பங்கு அடிப்பவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நிறுத்தி வைக்கச் சொன்னார். நான் சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

போனால், அடுக்குமாடியின் கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் ஒரு பெரியவர், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம். "வாங்கம்மா, நீங்களும் பாரம் நிரப்பவா?" என்றார். ஆமாம் என்று உட்கார்ந்துகொண்டேன். பொய்தான். புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதும் நீட்டிவிட்டார். பெயர், ஐசி எண், விண்ணப்ப எண் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் அவர் வாங்கிய கூலி, பெரும்பாலும் தேநீர். தே தாரேக். தே தாரேக். தே ஓ. ஒரு வரியில் மட்டும் இரண்டு வடை.

"ஏன் ஐயா எல்லாருக்கும் உங்க நம்பரையே போட்டிருக்கீங்க?"

"அவங்ககிட்ட போன் இல்லம்மா. நம்பர் போடலன்னா அடுத்த பக்கம் போகமாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

பாரத்தில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியதும் எங்கள் பக்கம்தான், அதை நிரப்பியதற்கு அவரைத் திருடன் என்று நினைத்ததும் எங்கள் பக்கம்தான்.

ஆனால் கேளுங்கள், கதை அங்கே முடிந்தால் நான் நல்லவள் ஆகிவிடுவேன். அடுத்த வருடம் வேறொரு எண். அதே மாதிரி வயதான பெண்கள், அதே மாதிரி ஒரே பகுதி. இதுவும் ஒரு பெரியவராகத்தான் இருக்கும் என்று நான் மெதுவாகப் போனேன். போய்ப் பார்த்தால் ஆறு பேருடைய ஏடிஎம் அட்டை ஒருவனுடைய பர்சில் இருந்தது. மறதி வரக்கூடாது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் ரகசிய எண் வேறு. அந்த அம்மாக்களுக்கு மாதக்கணக்கில் பணமே போகவில்லை. நான் மெதுவாகப் போன நாள்களும் அதில் சேர்த்திதான். திரையில் பார்த்தால் இவனுக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. நேரில் போனால்தான் தெரியும். இதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்! இன்றைக்கும் சொல்கிறேன், நேரில் போக வேண்டும்.

புகார் போனது. சட்டப் பிரிவு 420. தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. ஏமாற்றுக்காரனை நாம் அந்த எண்ணால்தான் கூப்பிடுவோம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதியது, அதனால் அங்கேயும் 420, இங்கேயும் 420. 2024 ஜூலையில் இந்தியாவில் புதுச் சட்டம் வந்து அங்கே அது 318 ஆகிவிட்டது. இங்கே இன்னும் 420-தான். ஒரு வருடத்திலிருந்து 10 வருடம் வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. விளையாட்டு இல்லை.

தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று ஒன்று நடந்தது. ஒரு பூக்கடைத் தங்கச்சியை நினைத்துக்கொள்ளுங்கள், பிரிக்பீல்ட்சில் மாலை கட்டுகிறவர். ஆறு மாதம் வேலை இருக்கிறது, மாதம் 3,000. அடுத்த ஆறு மாதம் ஒன்றுமில்லை, உதவித்தொகை வாங்குகிறார். வருட வருமானம் 18,000. அதை 12-ஆல் வகுத்தால் மாதம் 1,500. "உனக்கு மாதம் 1,500 வந்திருக்கிறது, உதவி வாங்கியது தப்பு, திருப்பிக் கொடு" என்று கடிதம் வந்தால் எப்படி இருக்கும்? அங்கே இரண்டு வாரக் கணக்கு, அதனால் 26-ஆல் வகுத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். 2016-லிருந்து கணினியே கடிதம் அனுப்பியது. இல்லை என்று நிரூபிப்பது வாங்கியவர் பொறுப்பு. எத்தனையோ வருடத்துக்கு முந்திய சம்பளச் சீட்டைத் தேடி எடுக்க வேண்டும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாட்டினார்கள். கடைசியில் அது சட்டத்துக்கே புறம்பானது என்று ஆகி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2023 ஜூலையில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. நெதர்லாந்திலும் பிள்ளைப் பராமரிப்பு உதவியில் இதே கதை; சின்னத் தப்புக்கு மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைக் கூடுதலாகச் சந்தேகப்பட்டார்கள். 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது.

நம் நாட்டில் பட்டியல்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்க 2024 ஜனவரி 2-ஆம் தேதி பாடு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பங்காலான் டேட்டா உத்தாமா, அதாவது முதன்மைத் தரவுத்தளம். தமிழ்க் காதில் பாடு என்று விழுந்ததும் எங்கள் ஆபீசில் நான் சிரித்துவிட்டேன், யாருக்கும் ஏன் என்று புரியவில்லை. அதைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கே-யும் ஜி-யும் அதற்குள் எப்படிப் போய்ச் சேரும் என்று. தம்பி இரண்டு விரல் காட்டுகிறார், முடியாது.

சரி, வேகமாக. எஸ்டிஆருக்குக் குடும்ப வருமானம் மாதம் 5,000 வரை, தனி ஆளுக்கு 2,500 வரை. கிடைக்கவில்லை என்றால் கோபப்பட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், ராயுவான், அதாவது மேல்முறையீடு, போடுங்கள். அப்பா பெயரில் எழுத்து மாறியிருந்தால் பிறப்புப் பத்திர நகலையும் எடுத்து வையுங்கள். பணம் வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். மளிகைச் சாமான் வாங்க மைகார்டில் வரும் சாரா உதவியைப் பொருளாகத்தான் வாங்க வேண்டும். குறைத்துப் பணமாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மைகார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டு யாராவது வந்தால், சொந்தக்காரரே ஆனாலும், கொடுக்காதீர்கள். ஏடிஎம் அட்டை உங்கள் பர்சில் இருக்கட்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997-க்கு அடியுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் பணம் கை மாறிக்கொண்டே போகும். ஒன்பது, ஒன்பது, ஏழு. இதோ முடித்துவிட்டேன் தம்பி. நன்றி, வணக்கம்.